ஏழடி அகலத்தில் கிருகப்பிரவேசம்

வாஞ்சிநாதன் படகு வாங்கிய செய்தியை எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார். முதலில், உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்பார். கேட்கப்பட்டவர் கொஞ்சம் யோசித்து, பார்க்கிங் லாட் என்பார். சன்னிவேலில் யார் ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் தெரியும். உடனே இவர், என் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும் என்பார்.

எனக்கும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் தண்ணீர், உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர். இரவில் நாங்கள் விட்ட மூச்சு காலையில் கண்ணாடியில் வழிந்து மெத்தையில் சொட்டும். அதை நான் பழைய துண்டால் துடைத்துப் பிழிவேன். அவர் ஆபீஸ் போயிருப்பார்.

படகு ஒரு வெள்ளைக்காரருடையது. இங்கிலாந்திலிருந்து வந்து வாஞ்சியின் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் ஊரில் நிலக்கரி கொண்டுபோக ஒரு காலத்தில் கால்வாய் வெட்டினார்களாம். படகு நுழைந்து போகிற கால்வாய் மதகுகள் ஏழடி அகலம். ஆகவே படகுகளும் ஏழடிக்குள். அந்த ஞாபகத்தில் அவர் ஸ்டாக்டன் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி, நாற்பத்தைந்து அடி நீளத்தில் இரும்பில் ஒன்றைச் செய்யச்சொன்னார். கலிஃபோர்னியாவில் ஏழடி மதகு ஒன்றுகூடக் கிடையாது. எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். அவர் ஏழடிக்கே கட்டினார். பிறகு ஊருக்குத் திரும்பிப் போனார். போகும்போது படகை விட்டுப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாஞ்சி இருந்தார்.

வாங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னார். படகுக்குத் தன் அம்மா பெயரை வைக்கப்போவதாகவும் சொன்னார். அனந்தலக்ஷ்மி. இந்தப் பெயரை இங்கிலீஷில் எழுத வேறு எந்தப் படகிலும் இடம் பத்தாது, இதில் பத்தும் என்றார். அந்தப் படகின் நீளத்துக்கு நான் கேள்விப்பட்ட ஒரே உபயோகம் அது.

ரெட்வுட் சிட்டிப் பக்கம் படகுத்துறையில் இடம் பிடித்தார். அங்கே நிற்கும் படகுகளில் சிலதில் மட்டும்தான் குடியிருக்க அனுமதி. அந்த அனுமதி கிடைத்ததை ஏதோ பட்டம் வாங்கியதைப்போலச் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது.

மிதக்கும் துறைக்கும் கரைக்கும் நடுவில் ஒரு சரிவுப் பலகை. கடல் ஏறும் வேலியேற்றத்தில் அது சமமாக இருக்கும். தண்ணீர் இறங்கும் வற்றத்தில் ஏணியாகிவிடும். வாஞ்சி காய்கறி வாங்கிவரும் நேரங்களில் எப்போதும் வற்றம். அரிசி மூட்டையை ஒரு தள்ளுவண்டியில் வைத்து, வண்டி என்னை இழுத்துக்கொண்டு போகாமல் நான் பின்னாலிருந்து பிடித்து இறக்குவேன். அவர் முன்னால் நடந்து, பார்த்து, பார்த்து என்பார்.

கரையிலிருந்து ஒரு வயரில் மின்சாரம் வந்தது. ஹீட்டரையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் நின்றுவிடும். மறுபடி வரவேண்டுமானால் துறையில் இருக்கும் கம்பத்துக்குப் போய் விசையைத் தட்ட வேண்டும். பாதி அரைந்த தேங்காயை விட்டுவிட்டு, மழையில், புடவைமேல் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு போய்த் தட்டியிருக்கிறேன். கழிவுத் தொட்டி நிறைந்தால் துறையின் இன்னொரு கோடிக்குப் படகை ஓட்டிப்போய் உறிஞ்சக் கொடுக்க வேண்டும். தட்டை அடியும் நீள உடம்புமாக இருக்கிற படகு, காற்றடித்தால் முன்னால் போகாது, பக்கவாட்டில் போகும். இரண்டு தடவை வாஞ்சி அடுத்தவர்கள் படகில் போய் இடித்தார். அதற்குப் பிறகு காற்றில்லாத நாளுக்குக் காத்திருந்தோம். தொட்டியின் அளவு காட்டும் முள் முக்காலைத் தாண்டினால் நான் காபி குடிப்பதை நிறுத்திவிடுவேன்.

அப்பளம் வாங்கிய அன்றே துணிபோல் மடிந்தது. தீக்குச்சி பற்றாது. என் கல்யாணப் புடவையின் ஜரிகை கறுத்துவிட்டது. அதில் பச்சையாக ஒன்று முளைத்திருந்தது. வாஞ்சி அதைப் பார்த்துவிட்டு, காற்றோட்டம் பத்தவில்லை என்றார். காற்றோட்டத்துக்காக வெள்ளைக்காரர் சுவரில் விட்டிருந்த துளைகளைக் குளிர் வருகிறது என்று பழைய சாக்ஸ் திணித்து அடைத்தவரும் அவர்தான்.

நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராது. ஆனால் இரும்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். இரும்பு அரிக்காமலிருக்கப் படகின் அடியில் வேறு உலோகக் கட்டிகளை வைத்திருப்பார்கள். அவை இரும்புக்குப் பதிலாகத் தாமே கரையும். வெள்ளைக்காரர் நல்ல தண்ணீரை நினைத்து மெக்னீசியக் கட்டிகள் வைத்திருந்தார். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரைந்துவிடும், துத்தநாகம் வைக்க வேண்டும் என்று ஒருநாள் வாஞ்சியிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் யாரோ வந்திருந்தார்கள். அவர்களிடம், ஜலஜா இப்போல்லாம் வீட்டுலயே கெமிஸ்ட்ரி நடத்தறா என்று சொல்லிச் சிரித்தார். அவர் தொழிற்சாலையில் ஒரு தூசிகூட இல்லாத அறையில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர். அங்கே கெமிஸ்ட்ரி சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

சன்னிவேல் அபார்ட்மெண்டை உடனே விட்டுவிடவில்லை. இரண்டு மாதம் படகில் இருந்து பார்ப்பது, சரிப்பட்டால் முறையாகக் கிருகப்பிரவேசம் செய்துவிட்டு அபார்ட்மெண்டைக் கைமாற்றுவது என்று வாஞ்சி முடிவு செய்தார். சரிப்படுகிறதா என்று யாரைக் கேட்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். அவரையே கேட்டுக்கொண்டார்.

எனக்கு அந்த அபார்ட்மெண்ட் வேண்டியிருந்தது. காரணம் கம்பளமோ குளிக்கும் தொட்டியோ இல்லை. எங்கள் கிரீன் கார்டு அந்த வசந்தத்தில் வந்திருந்தது; இனி நானும் வேலைக்குப் போகலாம். அபார்ட்மெண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு லேப் இருந்தது. போய்ப் பேசியிருந்தேன். அங்கே இருந்த பெண்மணி என்னை ஒரு கரைசலை அளந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வா என்றாள். எங்களிடம் ஒரு கார்தான். அது காலையில் வாஞ்சியோடு போய்விடும். படகுத்துறையின் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே அபார்ட்மெண்ட் போனால் லேபும் போயிற்று. இதை வாஞ்சியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, அதுக்கென்ன இப்போ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றார்.

அபார்ட்மெண்டை எடுத்துக்கொள்ளப் போகிறவன் பாலு. பாலசுப்ரமணியன், வாஞ்சியின் கீழ் வேலை பார்ப்பவன். அவன் மனைவி மெட்ராஸிலிருந்து வர இருந்தாள். கிருகப்பிரவேசத்தன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்து அவன் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. படகுக்காரர்கள் சாவி தண்ணீரில் விழுந்தால் மிதக்கட்டும் என்று தக்கை கட்டிவைப்பார்கள். வாஞ்சி அந்த அபார்ட்மெண்ட் சாவியிலும் ஒரு தக்கை கட்டியிருந்தார். இரண்டாவது மாடி அபார்ட்மெண்ட் அது.

நாள் பார்த்துக் கொடுத்தது மகாதேவன் மாமா. அவர் கவுண்டி ஆபீஸில் சாலை போடும் இன்ஜினீயர். சனி ஞாயிறுகளில் வேஷ்டி கட்டிக்கொண்டு எல்லார் வீட்டுப் பூஜைகளையும் செய்துவைப்பார். மந்திரம் மறந்த இடங்களுக்கு ஒரு காசெட் வைத்திருந்தார். அவருக்கு ஞாபகம் வராததை அவர் மனைவி ஸ்வர்ணா மாமி சொல்லுவாள். ஞாபகம் வந்ததையும் சொல்லுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து பதினாறு பேர் வந்தார்கள். செருப்பையும் ஷூவையும் துறைப் பலகையில் குவித்துவிட்டு, குனிந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். உள்ளே வந்தபின்பும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க முடிந்தது. ரேஷன் கடை வரிசையைப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தினாற்போல் இருந்தது. எல்லாரும் மெச்சினார்கள். எவ்வளவு காம்பாக்ட், எவ்வளவு கோஸி, ஹவுஸ் பெயிண்ட் பண்ண வேண்டாம், புல் வெட்ட வேண்டாம். மெச்சிக்கொண்டே கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாமி பாத்ரூமைக் கேட்டாள். முள் முக்காலைத் தாண்டியிருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினேன்.

ஸ்வர்ணா மாமி வந்ததும் ஜன்னல்களையெல்லாம் சாத்தச்சொன்னாள். காற்றில் விளக்கு நிற்காது. குத்துவிளக்கை முன்பக்கத்து அறையில் தரையில் வைத்து, அடுப்பில் பற்றவைத்த திரியால் ஐந்து முகமும் ஏற்றினாள். சாம்பிராணி போட்டாள். ஊதுவத்தி ஒரு கட்டு. சமையல் மேடை படகின் நடுவில். பின்கோடியில் இன்ஜின். இன்ஜினின் கனத்தால் படகு எப்போதும் பின்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். நான் கடுகைக் கொட்டினால் பின்பக்கம்தான் பெருக்கப் போவேன்.

மாமி புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி, கழுத்துவரை பால் ஊற்றி அடுப்பில் வைத்தாள். பால் கிழக்கே பொங்கினால் விசேஷம் என்றாள். கிழக்கு எது என்று கேட்டாள்.

பாலு சொன்னான், "இப்போதைக்கு அந்தப் பக்கம் மாமி. கயித்த அவுத்தா எந்தப் பக்கம் வேணா கிழக்க வெச்சுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வாஞ்சிதான் அதிகமாகச் சிரித்தார்.

பால் பொங்கியது. மாமி கேட்ட திசையில் இல்லை, எல்லாத் திசையிலும். மஞ்சள் கயிற்றை நனைத்து, அடுப்பின் மேல் வழிந்து, சீறி, புகைந்து அடங்கியது. கை தட்டினார்கள். யாரோ, அள்ள அள்ளக் குறையாது போ என்றார்கள். நான் அடுப்பின் திருகில் கை வைக்கப் போனேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதேடி. பொங்கினத அணைக்கப்படாது. தானா அடங்கட்டும்."

எல்லாரையும் முன்பக்க அறைக்கு நகர்த்தினாள். அர்ச்சனை அங்கே. மாமா காசெட்டைச் சுழற்றிக் கொண்டிருந்தார். பாலில் சர்க்கரை போட்டுப் பேப்பர் கப்பில் ஊற்றி எல்லாருக்கும் கொண்டுவா என்று மாமி எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். மேடையைத் துடைத்தேன். கப்புகளை அடுக்கினேன். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை ஒரே கட்டியாக உறைந்திருந்தது. கரண்டியின் பின்பக்கத்தால் இடித்து உடைத்துக்கொண்டிருந்தேன். மந்திரம் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை மாமா நிறுத்தி, காசெட்டின் மறுபக்கத்தைப் போட்டார்.

கரண்டியைப் பாலில் விட்டேன். பாலில் ஆடை படிந்திருந்தது.

கெட்டி ஆடை, சுருக்கம் விழுந்தது. கொதிக்கிற பாலில் ஆடை படியாது. திருகைப் பார்த்தேன். முழுசாகத் திறந்திருந்தது. பாத்திரத்தை நகர்த்தி அடுப்பின்மேல் கையை வைத்தேன். சூடில்லை. பொங்கிய பால் அப்போதே தீயை அணைத்துவிட்டிருந்தது. இவ்வளவு நேரமும் தீயில்லாமல் காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திருகை மூடினேன். குனிந்து தரைப் பலகையில் முகம் வைத்தேன். மேலே தீய்ந்த பாலும் சாம்பிராணியும். கீழே அழுகிய முட்டைக்கோஸ் வாசனை. கசிந்தால் தெரியட்டும் என்று காஸில் சேர்க்கிற வாசனை.

அது புரொபேன். மூலக்கூறு எடை நாற்பத்து நாலு. காற்றுக்கு இருபத்தொன்பது. வீட்டில் கசிந்தால் கதவு வழியே, இடுக்கு வழியே போய்விடும். படகில் போகாது. தண்ணீர்போலத் தரைக்கு இறங்கி, பலகை இடுக்கு வழியே அடித்தளத்தில் போய் நிற்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வராதபடி கட்டின பாத்திரம், உள்ளே விழுந்ததை வெளியேயும் விடாது. இருந்த துளைகளில் சாக்ஸ்.

அப்போது என் காலைத் தொட்டுக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழம் உருண்டது. மேடையிலிருந்த தட்டிலிருந்து விழுந்தது. நான் அது பின்பக்கம் போகும் என்று நினைத்தேன். அது முன்பக்கம் போனது. வந்தவர்கள் எல்லாரும் முன்னறையில் நின்றதால் படகு முன்னால் தாழ்ந்திருந்தது. எலுமிச்சம்பழம் பலரின் காலிடையே புகுந்து குத்துவிளக்கின் அடியில் போய் நின்றது. பலகைக்கு மேலே எலுமிச்சம்பழம் போன வழியில்தான் பலகைக்குக் கீழே காஸும் போய்க்கொண்டிருந்தது.

நான் போக வேண்டியிருந்தது. ஏழடி அகலத்தில் ஆட்களைத் தாண்டிப் போவது சுலபமில்லை. பால் வருகிறது என்று நினைத்தார்கள். பால் இல்லாததைப் பார்த்து வழி விடவில்லை. மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று புகுந்து வாஞ்சியின் காதருகே போய்ச் சொன்னேன். காஸ் கசிந்திருக்கிறது, அடியில் நிற்கிறது, விளக்கை அணைக்க வேண்டும்.

அவர் முகம் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது. உதடு மட்டும் என் பக்கம் திரும்பியது.

"ஆரத்தி ஆயிடட்டும். ரெண்டு நிமிஷம்."

மறுபடி சொன்னேன். அடுப்ப அணைச்சுட்டியோன்னோ, அப்புறம் என்ன என்றார். அப்புறம் என்ன என்பதை விளக்க எனக்கு ஒரு கரும்பலகை வேண்டியிருந்தது.

மகாதேவன் மாமா தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டார். தீக்குச்சியை உரசினார். பற்றவில்லை. இன்னொன்றை உரசினார். மருந்து உதிர்ந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் படகு எனக்குச் செய்த ஒரே உதவி அது. விளக்கிலிருந்து திரியால் ஏற்றலாமா என்று மாமா கேட்டார். கூடாது என்றாள் மாமி. பாலு பாண்ட் பையில் கையை விட்டு ஒரு லைட்டரை எடுத்தான். சிகரெட் குடிப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தவன். மாமி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி குடு என்று கையை நீட்டினாள்.

நான் முட்டி போட்டுக் குத்துவிளக்கை வாயால் ஊதினேன். ஐந்து முகம். ஒரே மூச்சில் மூன்றுதான் அணைந்தது. இன்னொரு மூச்சில் மற்ற இரண்டும். ஊதுவத்திகளைப் பிடுங்கி, சாம்பிராணித் தட்டோடு பஞ்சபாத்திரத்து நீரில் அமுக்கினேன். பிறகு எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் என்னைப் பார்த்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"காஸ் லீக் ஆயிருக்கு," என்றேன். "எல்லாரும் வெளில போங்கோ. லைட்டர் வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொடாதீங்கோ."

காசெட்டில் இருந்தவர் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நிறுத்தப்போன மாமாவின் கையைப் பிடித்தேன். அவரும் இன்ஜினீயர்தான்.

ஸ்வர்ணா மாமி கேட்டாள், "விளக்க ஊதி அணைச்சியா? வாயால?"

காஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாயாலா, வாயாலேயா என்று வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குச் செய்தி போனது. ஒரு சுமங்கலி, தன் வீட்டுக் கிருகப்பிரவேசத்தில், ஏற்றின விளக்கை. ஒரு அம்மாள் தன் பெண்ணின் தலையில் கையை வைத்து மூடிக்கொண்டாள். இங்க ஒரு நிமிஷம் இருக்கப்படாது, கிளம்புங்கோ என்றாள் மாமி. வெடித்துவிடும் என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்கள். அபசகுனம் என்றதும் அந்த ஒற்றைக் கதவு வழியே அவ்வளவு பேரும் எப்படித்தான் போனார்களோ, படகு ஆடி நிற்பதற்குள் எல்லாரும் துறையில் இருந்தார்கள். மாமி தன் வெள்ளித் தாம்பாளத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். குதித்த வேகத்தில் குவித்திருந்த செருப்புகள் சரிந்து, மாமாவின் ஷூ ஒன்று தண்ணீரில் விழுந்தது.

முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து சிலிண்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். சாக்ஸுகளைப் பிடுங்கி எறிந்தேன். அடியில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற ஒரு மோட்டார் உண்டு. தண்ணீர் கொஞ்சம் ஏறினாலும் தானாக ஓடும். ஓடத் தொடங்கும்போது உள்ளே ஒரு பொறி வரும். அது எப்போது ஓடும் என்று எனக்குத் தெரியாது. தரைப் பலகையைப் பெயர்த்தேன். துணி துவைக்கும் பக்கெட்டை எடுத்து அடியில் விட்டு மொண்டு, தூக்கி, கதவருகே போய் வெளியே தண்ணீரை நோக்கிக் கவிழ்த்தேன். திரும்பி வந்து மறுபடி மொண்டேன்.

துறையிலிருந்து பார்த்தால் பக்கெட்டில் ஒன்றும் தெரியாது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி வெறும் பக்கெட்டை வெறுமே கவிழ்க்கிறாள். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு பாலு.

"மாமி, காத்த மொண்டு ஊத்தறா பாருங்கோ."

சிரிப்பு துறை முழுவதும் கேட்டது. பயந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்துவதில்லை. வாஞ்சி கதவருகே வந்து உள்ளே தலையை நீட்டினார். உதவத்தான் வருகிறார் என்று இன்னொரு பாத்திரத்தை நீட்டினேன்.

"ஜலஜா, போறும். எல்லாரும் பாக்கறா," என்றார்.

அடுத்த படகில் ஒரு தாடிக்காரர் மேல்தட்டில் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தார். வாயில் சிகரெட். என்ன விஷயம் என்று கேட்டிருப்பார் போல. வாஞ்சி சிரித்துக்கொண்டே, ஒன்றுமில்லை, கொஞ்சம் புரொபேன் என்றார். தாடிக்காரர் என் பக்கெட்டைப் பார்த்தார். சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டார். எழுந்து, தன் படகின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, காலால் துறையை உதைத்துத் தள்ளிக்கொண்டு அப்பால் போய்விட்டார். அன்று அங்கே இருந்தவர்களில் என்னை நம்பினவர் அவர் ஒருவர்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முட்டைக்கோஸ் வாசனை போகும்வரை மொண்டேன். பிறகும் கொஞ்சம். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எதுவும் வெடிக்கவில்லை. அவர்களுக்கு அதுவே சாட்சி.

நான் துறையில் ஏறியபோது பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. வாஞ்சி, ஆரத்தி மட்டும்தானே பாக்கி, துறையிலேயே காட்டிவிடலாம் என்றார். மாமி ஒப்பவில்லை. விளக்கு அணைந்த வீட்டில் கிருகப்பிரவேசம் ஆனதாக ஆகாது. இன்னொரு நாள் பார்த்து, மறுபடி பால் காய்ச்சி, எல்லாம் முதலிலிருந்து. அதுவும் ஆடி கழிந்துதான். அதுவரை அதில் படுக்கக்கூடாது. மாமா ஒரு காலில் ஷூவோடு நின்று ஆமோதித்தார்.

மாமியின் கையிலிருந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தக்கை கட்டின சாவியும் இருந்தன. வாஞ்சி பாலுவிடம், நீ எடுத்துக்கோப்பா, அது வேற இது வேற என்றார். பாலு மாமியைப் பார்த்தான்.

"இன்னிக்கு வாங்காதே," என்றாள் மாமி. "அந்தப் பொண்ணு மொதமொதல்ல வரா."

"அப்புறமா வாங்கிக்கறேன் சார்," என்றான் பாலு. சற்றுமுன் சிரித்த அதே வாயால்.

அடர்த்தியைப் பற்றியும் பொறியைப் பற்றியும் நான் சொன்ன எதுவும் வாஞ்சியை அந்தப் படகிலிருந்து இறக்கியிருக்காது. ஆடி மாதம் இறக்கியது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. அவர்கள் எதற்குப் பயப்படுவார்களோ அதைத்தான் கொண்டு நகர்த்த வேண்டும். மாட்டுக்கு மனிதர் பேசுகிற மொழியில் யாரும் வழி சொல்வதில்லை.

மாமியிடம் போய்த் தாம்பாளத்திலிருந்த சாவியை எடுத்தேன். உனக்கெதுக்கு என்று மாமி கேட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போணும். அங்கேர்ந்து நடந்து போயிடலாம்."

வாஞ்சி கேட்டார், "எந்த வேலை?"

மூன்று தடவை சொன்னதை அவர் மறுத்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவருக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. கார் சாவிக்காகக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சரிவுப் பலகை அன்று ஏணியாக இருந்தது. செருப்பைத் தேட நிற்காமல் வெறுங்காலோடு ஏறினேன்.

சாயங்காலம் வாஞ்சி பாலுவின் காரில் அபார்ட்மெண்டுக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு சூட்கேஸ். உள்ளே வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார். தலை இடிக்காமல் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாமா போன் செய்தார். ஷூ கிடைத்ததா என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். அன்றும் பிறகும் காஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காற்றை மொண்டு ஊற்றின கதை மட்டும் எதிர்க்கரை ஃப்ரீமாண்ட் வரைக்கும் போனது.

வாஞ்சி, ஒரு சின்ன விஷயத்தைப் பெரிசாக்கிவிட்டேன் என்றார். ஆடி முடிந்ததும் நல்லபடியாகச் செய்துவிடலாம் என்றார். அதற்குள் அந்தத் துத்தநாகக் கட்டியை வேண்டுமானால் வைத்துவிடலாம், உனக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். நான் காபிக்குப் பால் வைத்தேன். இங்கே எலெக்ட்ரிக் அடுப்பு. சுருள் மெதுவாகச் சிவக்கும்.

பால் விளிம்புக்கு ஏறி வந்தது. அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

"கொஞ்சம் பொங்க விடேன்," என்றார். "நல்லதுதானே."

பாத்திரத்தைத் தூக்கி இறக்கி வைத்தேன். ஒரு சொட்டும் வழியவில்லை. காபி கலந்து அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். நான் ட்ராப் பண்ணட்டுமா என்றார். நடக்கிற தூரம்தான் என்றேன்.